தர்ஷுவின் கண்ணில் குறை எதுவும் இல்லை

பள்ளிக் கண் முகாம்களுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

இந்த மாதத்தோடு முகாம் வேலையை விட்டு லென்ஸ் தயாரிக்கும் ஆலை ஒன்றுக்குப் போகிறேன். ஓய்வு பெறும் வயதாகவில்லை என்றாலும், வேனில் பெட்டி ஏற்றி இறக்கும் இந்த வாழ்க்கையிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். சார்ட்டை எவ்வளவு தூரத்தில் மாட்டுவது, வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் போன்ற ஒரு பிள்ளை உங்கள் முன்னாலும் வந்து உட்காரும். அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு பள்ளியில் முகாம். தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த சமயம். தர்ஷு ஆறாம் வகுப்பு. நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். சார்ட்டில் மேலே உள்ள பெரிய எழுத்தை மட்டும் படித்தாள். அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்றாள். வலது கண், இடது கண் இரண்டும் ஒரே மாதிரி. கருவியில் பார்த்தால் பவர் என்று சொல்ல எதுவும் இல்லை. எந்த லென்ஸைப் போட்டாலும் அதே ஒற்றை எழுத்து.

என்னோடு முகாமுக்கு வரும் மஞ்சு கன்னடக்காரர். ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்ததால் தமிழில் கிண்டல் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. என் காதருகே வந்து, "மேடம், சும்னே டிராமா. இப்ப எல்லாருக்கும் கண்ணாடி ஃபேஷன். நாளைக்கு மொத்த கிளாஸும் குருடாயிடும் பாருங்க" என்றார்.

அது நடக்கக்கூடியதுதான். கண்ணாடி வேண்டும் என்பதற்காகவே தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா முகாமிலும் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஃப்ரேம்கள் அடுக்கிய தட்டை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோல் இருப்பேன். கண்ணாடி ஆசை உள்ள பிள்ளையின் கை தானாக ஊதா நிற ஃப்ரேமுக்குப் போகும். தர்ஷு தட்டைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். எழுந்து போகும்போது வழியில் யாரோ வைத்திருந்த தண்ணீர் பக்கெட்டைச் சரியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

பக்கெட் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை, கண்ணாடியும் வேண்டாம். எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. சந்தேகம் என்று எழுதாமல் ஆர்வம் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. சந்தேகம் வந்திருந்தால் கேள்வி கேட்பதை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

வகுப்பு ஆசிரியை சொன்னார்: அப்பா கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். கோடை விடுமுறையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இவள் போர்டைப் பார்த்து எழுதுவதில்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். ஒரு நாள்கூட லீவு எடுப்பதில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாரையும் ஏமாற்றியிருந்தது. அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை பள்ளிக்கு வராமல் போகும், வேலைக்குப் போகும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகியிருக்கிறோம். தினமும் தலை வாரி வந்து உட்காரும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அம்மா கலா ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டி வந்தாள். கூடவே அத்தை செல்வி, இறந்தவரின் தங்கை. கோலார் தங்கவயலில் குடியிருக்கிறாள். அவள் கணவர் அங்கிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர். அன்று அவரோடு அதே ரயிலில், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தோம். சொட்டு மருந்து விட்டு எங்கள் கண் டாக்டர் உள்ளே முழுதும் பார்த்தார். விழித்திரை, நரம்பு எல்லாம் நன்றாக இருந்தன. இதைத் தாண்டாமல் நீங்கள் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அப்பா இறந்த துக்கம் என்று நாமே முடிவுகட்டி, உண்மையான நோயைத் தவறவிட்டால் அதைத் திருத்தவே முடியாது.

பிறகு, இன்னொரு நாள் மூவரையும் வரவழைத்து, தர்ஷுவைக் கறுப்புத் துணித் திரை முன்னால் உட்கார வைத்தேன். ஒரு வெள்ளைக் குண்டூசியை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும். தெரிந்ததும் பிள்ளை சொல்ல வேண்டும். கிட்டத்தில் ஒரு முறை, நாற்காலியைப் பின்னால் தள்ளி இன்னொரு முறை. நோயால் பார்வை சுருங்கியவர்களுக்குத் தூரம் கூடினால் தெரியும் வட்டமும் பெரிதாகும். டார்ச்சைச் சுவரிலிருந்து விலக்கினால் வெளிச்சம் பரவுகிற மாதிரி. தர்ஷுவுக்கு இரண்டு முறையும் ஒரே அளவு வட்டம். எந்த நோயும் அப்படிச் செய்யாது.

அந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைப்பதில் பயனில்லை. உங்களுக்கும் வரும். புதிர் விடுபட்ட சந்தோஷம். அடுத்த அடி நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பவரே இல்லாத வெறும் கண்ணாடியை எடுத்து, "இது ரொம்ப ஸ்ட்ராங், இதுல எல்லாம் தெரியும்" என்று சொல்லிப் போட வேண்டும். பிள்ளை கடகடவென்று படித்துவிடும். மாட்டிக்கொண்டது என்று நாம் சிரிப்போம். மஞ்சு அந்த வெறும் லென்ஸை எடுத்து ஏற்கெனவே என் கையில் வைத்துவிட்டிருந்தார்.

அப்போது பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வி கேட்டாள், "மேடம், கண்ணு சரியாயிடுமில்ல? சரின்னா சொல்லுங்க, இந்த ஞாயித்துக்கிழமையே ஊருக்கு கூட்டிட்டுப் போயிடறேன். புள்ளைய பாத்துக்க எனக்கும் ஒரு கை ஆச்சு."

நான் சார்ட்டைக் காட்டி, "மறுபடி படி, தர்ஷு" என்றேன். அதுவரை ஒவ்வொரு முறையும் படித்த அந்தப் பெரிய எழுத்து.

"தெரியல மிஸ்."

"மேல இருக்கறது?"

"அதுவும் தெரியல."

அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பார்வை ஒரு வாக்கியத்தில் ஒரு வரி இறங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லென்ஸைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். "என்ன மேடம்?" என்று மஞ்சு கண்ணாலேயே கேட்டார். நான் கலாவை வெளியே கூப்பிட்டேன்.

வராந்தாவில் நின்றபடி கலா சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் அது வழக்கம். காரியத்துக்குப் பெரும்பாலும் எல்லாரும் வந்துவிடுவார்கள், மறுபடி இப்படி ஒன்றுகூட நாளாகும் என்பதால், வீட்டை இனி எப்படி நடத்துவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுவார்கள். பையனுக்கு நாலு வயது, அவன் அம்மாவோடு இருக்கட்டும். பெண்ணைத் தசராவுக்குப் பிறகு அத்தை வைத்துக்கொள்வாள். அங்கேயே பள்ளியில் சேர்க்கலாம், அத்தையின் குழந்தையையும் பார்த்துக்கொள்வாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தர்ஷு எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தர்ஷு கிட்ட கேட்டீங்களா?"

"கொழந்த கிட்ட என்னத்த மேடம் கேக்கறது? அவளுக்கு என்ன தெரியும்?" கலா ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங். விடியற்காலை ஷிஃப்ட். "நான் இருட்டுலயே கெளம்பிடறேன். அவரு இருந்தப்போ பொண்ண எழுப்பி, காபி வச்சுக் குடுத்து, தம்பிய பால்வாடில விட்டுட்டுப் போவாரு. இப்ப யாரு இருக்காங்க? இன்னிக்கோ நாளைக்கோ பெரிய மனுஷியாவப் போற பொண்ணு. ஆம்பள இல்லாத வீட்ல கதவ சாத்திட்டு தனியா இருன்னு எப்படி மேடம் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

உள்ளே இருந்த செல்வி மீதும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் ஜாடையில் இருக்கும் பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். ஏழை வீட்டில் ஒருவர் இறந்தால் துக்கத்துக்கு முன்பே வேலைப் பங்கீடு வந்துவிடுகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. யார் எழுப்புவது, யார் கதவைப் பூட்டுவது, யார் எங்கே தூங்குவது. அந்தப் பங்கீட்டில் பிள்ளையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி வைக்கப்படுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

என் கணிப்பு இப்படிப் போனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டில் இருக்க இவளுக்கு விருப்பமில்லை. கண் தெரியாத பெண்ணிடம் யாரும் கைக்குழந்தையைக் கொடுக்கமாட்டார்கள். அதனால் கண் தெரியவில்லை. அழகாகப் பொருந்தியது.

என்ன செய்யலாம்? எதையும் வரிசையாக யோசித்தால்தான் எனக்கு ஓடும். வெறும் லென்ஸைப் போட்டுப் பிடிக்கலாம். அது உண்மை. ஆனால் அம்மா, அத்தை இருவர் முன்னாலும் அவள் பொய்க்காரியாகி, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறுவாள். இரண்டாவது, கண்ணில் குறை என்று எழுதலாம். அவள் பெங்களூரிலேயே இருப்பாள். இல்லாத நோய்க்கு ஆயுளெல்லாம் மருந்து தேடிக்கொண்டும் இருப்பாள். மூன்றாவது எனக்குத் தோன்றவில்லை. டாக்டரிடம் ஓடினேன். வெளியே வரிசை காத்திருந்தது. அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "கண்டுபிடிச்சுட்ட, சரி. இப்ப அந்தப் பொண்ணு வெளிய வர்றதுக்கு ஒரு கதவு திறந்து வச்சிருக்கியா?" பிறகு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பார்வை தானாகத் திரும்பும், அதுவரை வீடு, பள்ளி எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது, மனநல ஆலோசகரையும் பார்க்கட்டும், நீ வாரம் ஒரு முறை பார் என்றார்.

அதையே உள்ளே போய்ச் சொன்னேன். கண் ஆரோக்கியமாக இருக்கிறது. பார்வை இப்போது வரவில்லை. இரண்டும் உண்மை. சனிக்கிழமைதோறும் என்னிடம் வர வேண்டும். அதுவரை இடம் மாற்ற வேண்டாம்.

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணு நல்லாருக்குதாம், ஆனா தெரியாதாம். கரண்ட்டு இருக்குது, பல்பு எரியலங்கறீங்களா மேடம்?"

"அதேதாங்க."

"அப்ப சுவிட்ச்சு எங்க?"

"அதத்தான் தேடறேன்."

"தேடுங்க தேடுங்க. சீக்கிரம் தேடுங்க" என்று குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் கலா வேலை முடிந்து நேராக வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வருவாள். தம்பியோடு வெளியே உட்கார்ந்திருப்பாள். நான் முதல் நாளே தர்ஷுவிடம் சொன்னேன்: "உன் கண்ணு நல்லா இருக்கு. நீ பொய் சொல்றேன்னு நான் நெனைக்கல." அவள் கருவிகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். இது எதுக்கு, அதுக்குள்ள என்ன எரியுது, இத திருப்பினா என்ன ஆகும். சார்ட்டில் ஒரு வரி கூடும், அடுத்த வாரம் குறையும். அத்தை போன் செய்த வாரங்களில் குறைந்தது. என் கணிப்பு சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, நோயாளிகளிடம் முதல் நாளே கேட்க வேண்டிய சாதாரணக் கேள்வியை அவளிடம் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதுவரை ஆசிரியை சொன்ன ஜூனையே நான் தொடக்கமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"முதல் முதல்ல எப்போ எழுத்து தெரியாமப் போச்சு, தர்ஷு?"

"ட்ரெயின்ல."

"எந்த ட்ரெயின்ல?"

"அப்பாவ பாக்க வந்தப்போ. மாமா கூட்டிட்டு வந்தாரு. ஸ்டேஷன் பேரு எழுதிருப்பாங்கல்ல, மஞ்ச போர்டு. எப்பவும் எல்லாத்தையும் படிப்பேன். அன்னிக்கு ஒண்ணும் படிக்க முடியல."

"அப்போ நீ அத்தை வீட்லயா இருந்த?"

"லீவுக்குப் போயிருந்தேன்." கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே, வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் அங்க போனா இங்க யாராச்சும் செத்துடுவாங்க மிஸ்."

என் அழகான கணிப்பு அங்கே முடிந்தது. அத்தையின் குழந்தையைத் தூக்க அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தக் குழந்தைக்குச் செல்லப் பெயர் வைத்ததே அவள்தான் என்று பின்னால் தெரிந்தது. அவள் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஊரை விட்டுப் போகாமல் இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. பள்ளிக்கு ஒரு நாள்கூட வராமல் இருக்காததும் அதனால்தானோ என்னவோ. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

"அம்மா கிட்ட சொன்னியா?"

"சொன்னா நடந்துடும்."

"நீ சொன்னாதான நடக்கும்? நான் சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னா பரவால்ல."

அடுத்த சனிக்கிழமை செல்வியும் வந்திருந்தாள். சொல்லாமல் வந்துவிட்டாள். ஆலோசகரிடம் சொல்லி முறையாக ஒரு நாள் குறிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கலாவுக்கு இன்னொரு லீவு கிடைக்காது. ஆலோசகரிடமே ஒரு முறைதான் போக முடிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, நான்கு பேரும் உட்கார்ந்திருக்க, தர்ஷு சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. மஞ்சு தம்பியை வெளியே வைத்துக்கொண்டு பூனைபோலக் கத்திக் காட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

முதலில் பேசியது செல்வி. "என் வீடு அவ்ளோ ராசி கெட்ட வீடா அண்ணி?" குரல் உடைந்துவிட்டது. "எங்க அண்ணன நானா..."

"சும்மா இரு செல்வி. உன்ன யாரும் சொல்லல." கலா மகளைத் தன் பக்கம் திருப்பினாள். எல்லா அம்மாக்களும் சொல்வதைச் சொல்வாள், எனக்கு ஒன்றும் ஆகாது என்பாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். கலா சொல்லவில்லை.

"நீ இங்க இருந்திருந்தாலும் உங்கப்பா விழுந்திருப்பாரு, தர்ஷு. நான் இங்கதான் இருந்தேன். என்னால புடிக்க முடிஞ்சுதா?"

தர்ஷு தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆகலாம், ஆகாம இருக்கலாம். எனக்கு தெரியாது. ஆனா ஆச்சுன்னா நீ பக்கத்துல இருக்கணும். அவ்ளோதானே?"

"ம்."

"சரி. இரு. எங்கயும் போவ வேணாம்."

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். அப்பா இறந்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று பிறகு கலா சொன்னாள். செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ வர வேணாம். லீவுக்கு நாங்க இங்க வரோம். ஃபேனுக்கு நேரா இருக்கற எடம் எனக்குதான், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். கலா சிரித்தாள்.

அது ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை. விடியற்காலை ஷிஃப்டை மாற்றித் தர மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். கலா அந்த வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு போய் அவர்கள் வருவதற்குள் திரும்பிவிடும்படி மல்லேஸ்வரத்தில் வீட்டு வேலை பிடித்தாள். சம்பளம் குறைவு, பி.எஃப். கிடையாது. மகளிடம் சொன்ன அந்த "இரு" என்ற வார்த்தைக்கு அவள் கொடுத்த விலை அது. யார் என்ன கொடுத்து ஒரு பிள்ளையின் பார்வையைத் திருப்புகிறார்கள் என்பதை எழுத நம் கண் பரிசோதனைக் கார்டில் இடமில்லை. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றைக்குச் சார்ட்டைக் காட்டினேனா என்று மஞ்சு கேட்டார். காட்டினேன். இரண்டு வரி. அவ்வளவுதான். கதைகளில் வருவதுபோல அழுது முடித்ததும் கண் திறந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் சில வாரங்கள் வந்தாள். மூன்று வரி, மறுபடி இரண்டு, நாலு. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்காவது தெரியுமா என்பதும் சந்தேகம். எப்போதாவது அவள் வளர்ந்த பிறகு கேட்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

பிறகு ஒரு சனிக்கிழமை வரவில்லை. கலாவுக்குப் போன் செய்தேன்.

"ஐயோ மறந்தே போச்சு மேடம். இன்னிக்கு ஸ்கூல் இருக்குது, போயிட்டா."

"கண்ணு எப்படி இருக்கு?"

"கேக்கலியே மேடம்." பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "காலைல தம்பி கால்ல மரச் சிலாம்பு ஏறிடுச்சுன்னு ஒரே கத்தல். எனக்கு கண்ணுக்கே தெரியல, அத்தினியூண்டு. இவதான் மடில போட்டுக்கிட்டு ஊசியால நோண்டி எடுத்துட்டுப் போனா."

என் பெட்டியில் அதைவிடச் சின்ன எழுத்து எதுவும் இல்லை.